குடையோடு குதித்த பன்றி

12 செப்டம்பர் 1959, சனி. காஜா பெராங்.

சாயங்காலம் தம்பி செல்வம் ராக் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, எண்ணெய் வழியச் சீவிய தலையோடு காலை உதறி உதறி ஆடினான். எனக்கும் என்ன கிறுக்கோ, அம்மாவின் குடையைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். சின்ன வயதில் பார்த்த ஜப்பான் கார்ட்டூன் படத்தில் ஒரு குண்டுப் பன்றி விமானத்திலிருந்து குடையோடு குதிக்கும். கிட்டார் சத்தம் உச்சத்துக்குப் போனபோது நானும் குதித்தேன். குடை மேல்நோக்கிப் புரண்டுகொண்டது. அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு தாங்கவில்லை.

“இத எங்கண்ணே பாத்தீங்க?” என்றான் செல்வம்.

“ஜப்பான்காரன் காலத்துல, பண்டார் ஹிலிர் கொட்டகைல ஓசிப் படம் காட்டுனான். அப்பாதான் கூட்டிட்டுப் போனாரு.”

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா குடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் படம் முடிந்து வெளியே வந்த ஆண்களைத்தான் ஜப்பான் சிப்பாய்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கென்று லோரியில் ஏற்றினார்கள். அப்பா திரும்பவில்லை. செல்வம் அப்போது அம்மா வயிற்றில்.

அவன் பாட்டை நிறுத்தினான். “அந்தப் பன்னியப் பாத்து அப்பா சிரிச்சாராண்ணே?”

“விழுந்து விழுந்து சிரிச்சாரு” என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்தப் பன்றியின் வால் சுருளைக்கூட இப்போது வரைந்து காட்டுவேன். அன்று அப்பாவை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தேன். சிரித்திருந்தால் அவர் வயிறு குலுங்கி என் முதுகில் பட்டிருக்கும். படுத்தபடி அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏதோ குலுங்கியது நினைவிருக்கிறது. அது நானாகவும் இருக்கலாம். நான்தான் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தேனே.