மகளின் பெயரை மறுத்த படிவம்

14 ஆகஸ்ட் 1996, புதன்

மகள் மதுராவுக்குக் காதுவலி என்று, நாங்கள் இருக்கும் பாபகூராவில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நோயாளிகளின் விவரம் பதியும் கணினிப் படிவத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான். வரவேற்பில் இருந்தவள் புதியவள், என்னைத் தெரியாது. வேலையைப் பற்றி வீட்டில் நான் கதைப்பதில்லை, மனைவி ராணிக்கும் இது தெரியாது.

அந்தப் பெண் மதுரா சிவகுமார் என்று அடித்துச் சேமிக்கப் போனாள். படிவம் மறுத்துவிட்டது. பிள்ளையின் குடும்பப்பெயர் தகப்பனுடையதோடு பொருந்தவில்லையாம். திரையில் வந்த அந்த வசனம் நான் எழுதியது. நான் செல்லையா சிவகுமார். இந்த நாட்டுத் தாள்களில் என் குடும்பப்பெயர் செல்லையா, அதாவது என் அப்பாவின் பெயர். மகளுக்கு என் பெயர். எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் பொருந்தும்?

அவள் சிவகுமாரை அழித்துச் செல்லையா என்று போட்டாள். உடனே சேமித்தது. இலங்கை ஆட்கள் எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறாளாம்.

ராணி என் காதுக்குள், "என்னப்பா, பிள்ளையை உங்கட தங்கச்சி ஆக்கிப்போட்டாள்! ஆர் இந்தக் கோதாரியை எழுதினது?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

அந்தச் சரிபார்ப்பை நாளைக்கே எடுத்துவிடலாம். ஏற்கெனவே மாற்றிய பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அழித்ததைப் படிவம் எங்கேயும் வைத்திருக்காது. அதைவிட விளங்காதது இன்னொன்று. கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் சோதித்தேன். ஸ்மித், பிரவுன், வில்சன் என்று குடும்பம் குடும்பமாக அடித்துப் பார்த்தேன். எங்கள் மூன்று பேரின் பெயரை ஏன் ஒருமுறைகூட அடிக்கவில்லை?