பரவாயில்லைக்காரி

பிப்ரவரி 9, திங்கள்

சோறு அடிப்பிடித்துவிட்டது. தங்கை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லைக்கா" என்றாள். பக்கத்து அறைக்காரி கேட்காமல் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதற்கும் அதே பதில். காய்ந்த துணி மழையில் நனைந்ததற்கும் அதே. அதனால் அவளுக்குப் 'பரவாயில்லைக்காரி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் சிரிக்கிறாள். எட்டாம் மாதம். இந்த ஒண்டி அறையில் அவள் திரும்பினால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் கட்டட வேலைக்கு எங்கேயோ தூரம் போயிருக்கிறார். பிரசவத்துக்குக் கண்டிப்பாக வந்துவிடுவாராம். பார்க்கலாம்.

பிப்ரவரி 12, வியாழன்

நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டல். எங்கள் சலவைக்கூடத்துக்கு வருவதெல்லாம் அந்தக் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள். மூலையில் நீல முத்திரை இருக்கும். மடிப்பு அதற்கு நேராக வராவிட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியில் வீசுவார். நான் தேய்த்த விரிப்பில் யார் யாரோ படுத்துத் தேறி வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வாசலை நான் மிதித்ததுகூட இல்லை.

பிப்ரவரி 25, புதன்

தங்கைக்குக் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. "பிள்ளைத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும்" என்கிறாள் பக்கத்து அறைக்காரி. இவள் எப்போது டாக்டருக்குப் படித்தாள்?

மார்ச் 4, புதன்

அரை நாள் லீவு போட்டு அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வந்து பல மாதம் ஆகிறது. அவர் நாற்காலியில் மருந்துப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. நர்ஸ் ஒருவர்தான். வரிசை தெரு வரைக்கும். பிரஷர் மெஷினின் ரப்பர் பந்து கிழிந்து, பிளாஸ்திரி சுற்றி வைத்திருக்கிறார்கள். காற்று நிற்கவில்லை. "எழுதிப் போட்டாச்சு, இன்னும் வரலை" என்றார். அதனால் எல்லாம் வாய்க்கேள்விதான்.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?"

"பரவாயில்லை சிஸ்டர்."

ஏதோ எழுதினார். "அடுத்தவங்க வாங்க."

வெளியே வந்ததும் எனக்கு வந்ததே கோபம். "நேத்துப் பூரா தலையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தியே, அது என்னடி?"

"தாங்கிக்கிற மாதிரிதான்க்கா இருக்கு. பாவம் அவங்க, எவ்வளவு கூட்டம்."

அவள் சொன்னது ஒன்று, நர்ஸ் காதில் விழுந்தது வேறொன்று. அவளையும் இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கத்தட்டும். "சிஸ்டர், இவ பரவாயில்லைன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம் இல்லை. தாங்கிக்கிறான்னு அர்த்தம்" என்றேன். நர்ஸ் பேனாவை வைத்துவிட்டுக் குனிந்து காலை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பிரஷர் ஏறியிருக்கும் போல. தள்ளிப் போடாதீங்க" என்றார். ஆம்புலன்ஸ் பின்பக்கம் டயர் இல்லாமல் நிற்கிறது. பஸ் காலையில் ஒன்றுதான்.

நாளைக்கு லீவு கேட்டேன். "இன்னைக்கே அரை நாள் போயிட்ட. சனிக்கிழமை போ. இல்லைன்னா ஒரேயடியா போ" என்றார் சூப்பர்வைசர்.

அவளைத் தனியாக அனுப்பப் பயம். "ரெண்டு நாள்தானேக்கா, பரவாயில்லை. உன் வேலையும் போச்சுன்னா பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்கிறாள். நியாயமாகத்தான் படுகிறது. படுகிறதா?

மார்ச் 6, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது, "கண்ணுல பொறி பறக்குதுக்கா, பயமா இருக்கு" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நுரை. காய்கறி வேன்காரர் மூட்டைகளை இறக்கிப் போட்டுட்டு எங்களை ஏத்திக்கிட்டார்.

வழியில்தான் கண்ணாடிக் கட்டடம். நிறுத்தச் சொன்னேன். "முன்பணம் கட்டாம உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றார் காவலாளி. என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. உங்க விரிப்பெல்லாம் நான் தேய்ச்சதுய்யா என்று கத்தினேன். என்ன பேச்சு அது? விரிப்பைக் காட்டி உயிரைக் கேட்க முடியுமா?

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தரையில் கிடத்தினார்கள். ஒரு விரிப்பு கேட்டேன். அதுவும் இல்லை. என் துப்பட்டாவை விரித்தேன்.

மார்ச் 7, சனி

பெண் குழந்தை. கையளவுதான். அழுதது.

மார்ச் 8, ஞாயிறு

விடியும்போது போய்விட்டாள். கண்ணே திறக்கவில்லை. குழந்தையைப் பார்க்கவே இல்லை.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டே காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். சின்னப் பையன் மாதிரி இருந்தார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

மார்ச் 19, வியாழன்

வேலைக்குப் போனேன். குழந்தையைப் பக்கத்து அறைக்காரி வைத்துக்கொள்கிறாள். என்னைவிட நன்றாகத் தூங்கவைக்கிறாள். அதிலும் எனக்குப் பொறாமை. தங்கை வீட்டுக்காரர் வந்தார், அழுதார், போய்விட்டார். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "மனசுல வெச்சுக்காதம்மா, இவ்வளவு ஆகும்னு தெரியலை" என்றார். இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நான் சொல்லவில்லை. அடுத்த விரிப்பை எடுத்தேன்.

ஏப்ரல் 22, புதன்

குழந்தைக்கு ஊசி போடச் சுகாதார நிலையம். பிரஷர் மெஷினில் அதே பிளாஸ்திரி, இன்னும் ஒரு சுற்று கூட. நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பாப்பா எப்படி இருக்கா?" என்றார் மெதுவாக. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, பால் குடித்துக் கக்குவது, இரண்டு நாளாக மூக்கடைப்பு, ராத்திரி முனகுவது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பின்னால் உச்சுக்கொட்டினார்கள். நர்ஸ் முழுக்க எழுதிக்கொண்டார்.

எழுந்தபோது என் இடத்தில் ஒரு பிள்ளைத்தாச்சி வந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண். கால் செருப்பில் அடங்கவில்லை.

"தலைவலி ஏதாவது இருக்கா?"

"பரவாயில்லை சிஸ்டர்."

நர்ஸின் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாசல்வரை போயிருந்தேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து அவள் எதிரில் குந்தினேன்.

"பரவாயில்லைன்னா என்னம்மா? வலி இல்லையா, தாங்கிக்கிறியா?"

அவள் வரிசையைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"தாங்கிக்கிறேன்க்கா."