சம்மதித்தவருக்குத் தீங்கில்லை

மார்ச் 4, செவ்வாய்
சட்ட முதுமொழித் தொகுப்பில் இன்று நாற்பத்தொன்றாவது. "தெரிந்தே செய்தவர் முறையிட முடியாது" என்று தமிழாக்கினேன். நறுக்கென்று வந்ததில் எனக்கே ஒரு மிதப்பு. காட்டத்தான் யாருமில்லை. மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் ஒருவன்தான். எதிர் நாற்காலியில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

மார்ச் 6
மனைவி போனில் பேசினாள். வெளியூர் மருத்துவமனையில் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் தலைமைச் செவிலியராக இருக்கச் சொல்கிறார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். பெண்டாட்டிக்குக் குறுக்கே நிற்காதவன் என்று பெயரெடுத்தாயிற்றே.

மார்ச் 7
குழம்பில் உப்பில்லை. குறை சொல்லவும் ஆளில்லை.

மார்ச் 12
தொகுப்பைச் சரிபார்க்கும் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா நாற்பத்தொன்றைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். போன் செய்தேன். ஆடுகிற ஏணி என்று தெரிந்தே ஏறி விழுந்த ஒரு தொழிலாளியின் வழக்கைச் சொன்னார்.
"ஏறலன்னா வேலை போயிடும்னு ஏறினான். அது சம்மதமா?"
இல்லை என்றேன்.
"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"
திருத்தினேன்: "மனமாரச் சம்மதித்தவருக்குத் தீங்கில்லை." அடிக்குறிப்பு: தெரிந்திருப்பது மட்டும் சம்மதம் ஆகாது.

மார்ச் 13
அந்த அடிக்குறிப்பு என்னை விடமாட்டேன் என்கிறது. மூன்று வருடம் முன்பு அவள் கிளம்பிய அன்று, பெட்டியை நானேதான் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினேன். போகிறாள் என்று தெரியும். மனசு ஒத்துக்கிச்சா? இல்லவே இல்ல. வாயத் திறந்தேனா? அதுவும் இல்ல. அப்புறம் அவ மேல என்ன கோபம்? தனியா இருக்க முடியலடி — இத யாருக்கு எழுதிட்டிருக்கேன்?

மார்ச் 16, ஞாயிறு
காலையிலேயே அவளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "எனக்கு இஷ்டமில்ல. அன்னிக்கும் இல்ல."
"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. போனா போறான்னு விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்று அழுதாள்.
போன திங்களே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். என் வார்த்தையை நம்பித்தான்.

மார்ச் 27
நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் "உடல்நலக் குறைவு" என்று எழுதி, அடித்துவிட்டு, "மனைவியோடு இருக்க" என்று எழுதினேன். மேலதிகாரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்திட்டார்.
அவளிடம் சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அங்கே வீட்டுக்கு இன்னொரு சாவி செய்யக் கொடுத்திருக்கிறாளாம்.