காய்ந்துபோன வேப்பிலை

மாப்பிள்ளை,

விரலில் வேப்பிலை வாசம் இன்னும் போகவில்லை. அந்த விரலால்தான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே. இந்த வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்து, நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு எழுத்தும் நிற்க நிற்க எனக்கு வாயெல்லாம் பல், மிச்சமிருக்கும் பல்தான். உயிரோடு இருப்பவர்களிடம் நேரில் சொல்லிவிடலாம். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இன்று காலை, அம்மை வராமலிருக்கக் கையில் ஊசி குத்துகிறவர் வந்தார். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று பொருள். வெளியாள் படியேற மாட்டார். அவரைத் திருப்பி அனுப்ப நாம் அதைத்தானே பிடித்துக்கொண்டோம்! அவர் சைக்கிள் புதுச்சத்திரம் சாலையில் தெரிந்ததுமே, நோயில்லாத வீட்டிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவர் தலை மறைந்ததும் கழற்றிவிடுவோம்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷமும் நீ அப்படித்தான் கட்டினாய். "இந்தத் தடவையும் ஏமாத்திப்போட்டேன் மாப்ளே!" என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தாய். அதோடு ஊரே படுத்துவிட்டது.

நானும் படுத்திருந்தேன். எழுந்து வெளியே வந்தபோது உச்சிவெயில். கிணற்றடியில் சத்தமில்லை, ஆட்டுக்கல்லில் சத்தமில்லை. வீட்டுக்கு வீடு இருமல் மட்டும். உன் வீட்டிலிருந்து அதுகூட வரவில்லை. உன் எருமை கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றது.

வாசலில் வேப்பிலை. போகிற ஒன்றிரண்டு பேரும் கும்பிட்டு ஒதுங்கினார்கள். நானும் கையெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், இலை காய்ந்து சுருண்டிருந்தது. ஆத்தா வந்த வீட்டில் தினமும் பச்சை இலை மாற்றுவார்கள். பொய்க்குக் கட்டியவனோ அன்றைக்கே கழற்றியிருப்பான். இது இரண்டும் இல்லை. கட்டியவன் கழற்ற எழுந்திருக்கவே இல்லை.

"மாப்ளே!" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து உன் குரல், என்றைக்கும் இல்லாத மரியாதையோடு வந்தது:

"ஊட்டுல ஆருமில்லீங்க. போயிட்டு வாங்க."

கதவைத் தள்ளினேன். நீ சுவரைப் பார்த்துக் கிடந்தாய். உடம்பு அனலாய்க் கொதித்தது. பக்கத்தில் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி முறை. அவள் கை குளிர்ந்து போயிருந்தது. நீ அவளுக்குக் குளிருமென்று துப்பட்டியை இழுத்துப் போர்த்திவிட்டு, மறுபடி என்னிடம் அதையே சொன்னாய்.

கஞ்சித் தண்ணீரில் நீ பிழைத்தாய். அடுத்த முறை குத்துகிறவர் வந்தபோது ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. ஊரே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. முதல் ஆள் நீ. அவருக்கே பயம் வந்துவிட்டது.

"இது அம்மைக்குத்தானுங்க. அந்தக் காச்சலுக்கு இதுல ஒண்ணுமில்லீங்க" என்றார்.

"இருக்கட்டுங்க சாமி. கதவத் தொறந்து வெச்சுப் பழகிக்கறோம்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பகலில் கதவைச் சாத்தியதே இல்லை.

ஊரில் அந்தப் பயம் சில வருஷம் நின்றது. பிறகு வாசல் வாசலாக வேப்பிலை திரும்பி வந்தது. இன்று பாதித் தெருவில் தொங்கியது. நீ கண்ணை மூடியபின் சாத்திக் கிடக்கும் உன் வீட்டில் எதுவும் தொங்கவில்லை. அதனால் அவர் அங்கே போய் நின்று, "ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது, மாப்பிள்ளை. உன் குரல்தான், அதே மரியாதை, அதே சொல். எதிர்வாசலில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. அவரும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

என் வாசலில் நானும் கட்டியிருந்த வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். இடது கை இப்போது எரிகிறது; வலது கை எழுதுகிறது. நாளையிலிருந்து தெருவில் நடந்து, தொங்குகிற இலையையெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் கூப்பிடுவேன். ஆருமில்லை என்று பதில் வந்தாலும் உள்ளே போவேன்.