புளிக்குத் தப்பிய யூதக் காசு

வியாழன், இரவு

இஸ்ரேலில் வேலை செய்யும் தங்கை அனுப்பிய பழைய யூதச் செப்புக்காசு இன்று போயே போய்விட்டதென்று நினைத்தேன். மாத்தளையிலிருந்து வீடு திரும்பினால் அதன் பெட்டி வெறுமையாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் மனைவி நாளைய பூசைக்கு விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காசின் மதிப்பே அந்த இரண்டாயிரம் வருடக் கறுப்பில்தான்; அதைத் தேய்த்துவிட்டாளே என்று கத்தினேன்.

"தேய்க்கத்தாங்க எடுத்தேன். பெட்டியில இருந்த கடுதாசியில பிரஷ் படத்தப் போட்டு, செவப்புல குறுக்க கோடு போட்டு வெட்டியிருந்திச்சி. அதான் தேய்க்காம சாமி தட்டுல வச்சிட்டேன்."

அந்தப் பெட்டியையும் கடுதாசியையும் குப்பை என்று எத்தனை நாள் சண்டை பிடித்தவள்!

காசு கறுப்பாகவே இருக்கிறது. அப்பாடா. அவள்தான் நான் கத்தியதில் கோபித்து, விளக்குகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மிச்ச விளக்குகளை நானே தேய்த்தேன். விரலில் இன்னும் புளி வாசம்.