அண்ணன் லேப்டாப் பேசணும்

மே 24, சனி

கத்திரி முடியல. பஸ்லயே முதுகு நனைஞ்சாச்சு. அரியலூர் தாண்டி சுண்ணாம்புக்கல் லாரி பின்னாலயே ஊர்ந்து, தி.மானூர் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர பத்தரை.

ஜூன் 2 ஸ்கூல் திறப்பு. பார்வை முழுசா போனப்புறம் அண்ணன் கிளாஸுல பாடம் நடத்தப் போற முதல் நாள். அதுக்குள்ள லேப்டாப் சரியாகணும்.

இப்ப இருக்கிற சிஸ்டத்துல, எழுத்தைப் படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் ஓட மாட்டேங்குது. நொண்டுது. அண்ணன் சொல்லுச்சு: "நான் 'க' அடிச்சு, அது 'க'ன்னு சொல்றதுக்குள்ள எனக்குப் பாடமே மறந்துடுது." விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா லேசா ஓடும், படிச்சுக் காட்டுற வசதியும் கூடவே இருக்கு, தமிழ்க் குரலும் இருக்கு. அதான் பென்டிரைவ்ல ஏத்தித் தூக்கிட்டு வந்தேன்.

பழைய கேள்வித்தாள் எல்லாம் காப்பி எடுத்தாச்சு. இன்ஸ்டால் பண்ணாம, பென்டிரைவ்லேர்ந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்ததுல:
ஸ்க்ரீன் - ஓகே
கீபோர்டு - ஓகே
வைஃபை - இல்ல (போனைக் கேபிள்ல மாட்டினா நெட் வருது. போதும்)
சத்தம் - இல்ல

செட்டிங்ஸ்ல ஸ்பீக்கர் இருக்க வேண்டிய எடத்துல 'டம்மி அவுட்புட்'னு ஒரே வரி. ஸ்பீக்கர் இருக்கிறதே அதுக்குத் தெரியலன்னு அர்த்தம். மத்தவங்களுக்கு சத்தம் வரலன்னா பாட்டு கேக்க முடியாது, அவ்வளவுதான். அண்ணனுக்கு சத்தம்தானே ஸ்க்ரீனு.

அண்ணி அடுப்படியில கூப்பிட்டு, கிசுகிசுன்னு: "வேலைய விடுறேன்னு லெட்டர், அவரு சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன் சுமதி. கையெழுத்தும் போட்டுட்டாரு. ஸ்கூல் திறக்கிற அன்னைக்கு அதைக் குடுக்கப் போறாரா, பாடம் நடத்தப் போறாரான்னு எனக்கே தெரியல."



மே 25, ஞாயிறு

சத்தம் இல்லாட்டியும் இன்ஸ்டால் பண்ணிட்டேன். பண்ணிட்டுப் பாத்துக்கலாம்.

அண்ணன் அந்தக் காலத்துல டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அதே டைப்ரைட்டர் கீபோர்டு லினக்ஸ்லயும் இருக்கு. வச்சுக் குடுத்தேன். விரல் தானா போகுது! ஒரு பத்தி அடிச்சுது. ரெண்டே தப்பு.

"எங்க தப்பு?"
நான் படிச்சுக் காட்டினேன்.
"பாத்தியா. நீ படிச்சாத்தான் எனக்குத் தெரியுது. தினம் ஒருத்தர் பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்டி நான் எதுக்கு வாத்தியார்னு சம்பளம் வாங்கணும்?"

லேப்டாப்பைப் பையில போட்டு பெரம்பலூருக்கு, என் வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டேன். "வெள்ளிக்குள்ள பேச வைக்கிறேன்"னேன். எந்தத் தைரியத்துல சொன்னேன்னு தெரியல.

மே 27, செவ்வாய்

காலைல அஞ்சு மணியிலேர்ந்து. ஸ்பீக்கர் செட்டிங் மாத்தினேன், இல்ல. சத்தம் சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன், இல்ல. நெட்ல ஒருத்தர் லினக்ஸோட அடிவேரான கெர்னலைப் புதுசா மாத்தச் சொல்லியிருந்தார். மாத்தினேன். திறந்தா கருப்பு ஸ்க்ரீன். இருந்ததும் போச்சு. ஷிஃப்டை அமுக்கித் திறந்தா பழைய கெர்னலையே எடுத்துக்கலாம்னு ஞாபகம் வந்துச்சு. அமுக்கினேன், ஸ்க்ரீன் வந்துடுச்சு. காபி ஆறிப்போச்சு. தோசைக்கு அரைச்ச மாவை ஃப்ரிட்ஜ்ல வைக்க மறந்து புளிச்சும் போச்சு.

ஆபீஸ்ல சூப்பிரண்டு: "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போங்களேன் மேடம், இதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க?" புதுசுலயும் எந்த சவுண்டு சிப்பு இருக்கும், லினக்ஸ்ல ஓடுமான்னு யாருக்குத் தெரியும் சார்.

விட மாட்டேன்.

மே 29, வியாழன்

நேத்து சாயந்திரம் மழை. தெரு பூரா புழுதி அடங்கிக் கெடக்கு. லீவு போட்டேன்.

லேப்டாப் திறக்கும்போது ஓடுற வரிகளை ஒண்ணுவிடாம, தலையிலேர்ந்து படிச்சேன். எண்ணூத்துச் சொச்சம் வரி. நடுவுல செவப்பா ஒண்ணு: சவுண்டு சிப்புக்கு ஒரு ஃபைல் வேணும், தேடினேன், கெடைக்கல. இத்தனை நாளா அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. நான்தான் படிக்கல.

அந்த ஃபைலைத் தேடிப் போட்டேன். ரீஸ்டார்ட். 'டம்மி' போயி 'ஸ்பீக்கர்'னு வந்துடுச்சு! ஆனா சத்தம் மட்டும் வரல. அரைமணி நேரம் தலையில கை வச்சு ஒக்காந்திருந்தேன். அப்புறம் பாத்தா கழுதை ம்யூட்ல கெடக்கு. ஒரு பட்டனைத் தட்டினேன்.

"வணக்கம்"னு சொல்லுச்சு.

தகரத்துல ஆணியால கீறுன மாதிரி ஒரு குரல். அழுதுட்டேன். அண்ணனுக்குப் போன் பண்ணல. கையில குடுத்துக்கலாம்.

மே 31, சனி

தி.மானூர். லேப்டாப்பை அண்ணன் மடியில வச்சேன். அண்ணன் ஒரு வரி அடிச்சுது. எழுத்தெழுத்தா உடனுக்குடன் சொல்லுது. அண்ணன் மூஞ்சி சுளிச்சுது.

"என்ன இது, 'தமில்'ங்குது? ழகரம் வரலையே இதுக்கு!"
"ண்ணே, அது மிஷினு..."
"மிஷினா இருந்தா? தமிழ் வாத்தியார் வூட்டுல இருந்துக்கிட்டு 'தமில்'னு சொல்லுமா?"

அண்ணி சிரிச்சுட்டாங்க. நானும். அண்ணன் சிரிக்கல. ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்காம, ஒம்பதாவதுக்கு ஒரு கேள்வித்தாள் முழுசா அடிச்சுது. தப்பெல்லாம் அண்ணனே கேட்டு, அண்ணனே திருத்திச்சு. நான் வாயே திறக்கல.

முடிச்சுட்டு அண்ணிகிட்ட: "திங்கக்கிழமைக்குப் பை எடுத்து வை. சார்ஜரையும் போடு."
"அப்ப அந்த லெட்டர்?"
"பையை எடுத்து வைன்னேன்ல."

ஜூன் 3, செவ்வாய்

வெயில் திரும்ப வந்தாச்சு. தண்ணி லாரி வரல. மாவு அரைக்கணும்.

மத்தியானம் ஸ்கூல்லேர்ந்தே அண்ணன் போன். ஒரு காதுல இயர்போன், மறு காது பசங்களுக்குன்னு நேத்து முழுக்க நல்லாப் போச்சாம். இன்னைக்கு எட்டாவதுக்குப் பாடம் நடத்தும்போது லேப்டாப்பை மூடித் திறந்திருக்கு. குரல் போயிடுச்சு. (மூடினா தூங்காம இருக்க செட்டிங் மாத்தணும், சனிக்கிழமை.)

"ஏண்ணே, உடனே எனக்குப் போன் பண்றதுக்கென்ன?"
"நீ ஆபீஸ்ல இருப்ப. பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சேன், விட்டேன், மறுபடி அமுக்கினேன். அது திறக்க எவ்வளவு நேரமாவும்னு எனக்குத் தெரியாதா?"
"பசங்க?"
"மிஷின் தூங்கிடுச்சு, நாப்பது எண்ணுங்கடான்னேன். கிளாஸே சேந்து எண்ணுச்சு."

முப்பத்தாறுல பேசிடுச்சாம்.