எனக்கு மட்டும் சாம்பல் நிற நெபுலா

மாப்ள,

நேற்று சாயங்காலம் லப்பைக்குடிக்காட்டில், உன் வீட்டு மொட்டை மாடியில், உன் டெலஸ்கோப்பின் உறையைப் பிரித்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் ரப்பர் வளையத்தில் இன்னும் உன் அத்தர் வாசனை இருக்கிறது. நீ மண்ணுக்குள் போய் நாலு மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வானத்தைப் பற்றிப் படித்தவர்கள் நாம். நீ சவூதிக்குப் போனாய். நான் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் சேர்ந்தேன். உன் தலைக்கு மேலே பாலைவனத்து வானம். என் தலைக்கு மேலே ஆலை விளக்கும் தூசியும். சவூதியிலிருந்து ஊரார் டிவி கொண்டுவந்த காலத்தில் நீ இந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

முதல் தடவை எறையூர்ப் பக்கம் கரும்புக் கொல்லை வரப்பில் வைத்துப் பார்த்தோம். வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குக் கீழே வாள் தொங்கும் இடத்தில் ஓரியன் நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம். என் கண்ணுக்கு வெள்ளையாக ஏதோ அசைந்தது. "கெடச்சிருச்சுடா! நகருது பாரு!" என்று கத்தினேன்.

"அது சர்க்கர ஆல ஆவி மாப்ள. பாகு வாசன மூக்குல ஏறல?"

சிரித்து முடித்து நீ குனிந்தாய். "யா அல்லாஹ், பச்சையா இருக்குடா. றெக்கைய விரிச்சாப்ல!" எனக்குத் தெரிந்ததோ சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. "நேரா மொறைக்காத. கொஞ்சம் ஓரமா பாரு, புதுப்பொண்ணப் பாக்குறாப்ல" என்றாய். பார்த்தேன். திட்டு பெரிதானது, நிறம் வரவில்லை. நீ லீவில் வந்த ஒவ்வொரு தை மாசியிலும் இதே கதை. வாலிகண்டபுரம் கோயிலைக் கட்டுவதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னிடம் மட்டுமா ஓரவஞ்சனை செய்யும்? நீ புளுகுகிறாய் என்று முடிவுகட்டினேன். ஆனால் புளுகுகிறவன் முகம் அப்படி மலராது. அதுதான் இன்னும் எரிந்தது. "கண்ணு போடாத, ஒருநாள் ஒனக்கும் தெரியும்" என்பாய்.

போன வாரம் உன் மகள் போன் செய்தாள். "அத்தா இத ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. வந்து எடுத்துட்டுப் போங்க மாமா." எனக்கே எனக்கு என்றதும் ஓடி வந்தேன். மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் நேராகப் பார்த்தேன், ஓரமாகப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சாம்பல்.

"நானும் பாக்கட்டுமா மாமா?" படிப்பு கெடும் என்று நீ அவளைக் கிட்டவே விட்டதில்லையாம். நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"மாமா, இது பச்சையால்ல இருக்கு!"

நீ புளுகவே இல்லை. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது மாப்ள, நீ பக்கத்தில் நின்றால் எரிவது போலவே. டெலஸ்கோப்பை அவளிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பொறாமையை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை. உன்னால் எனக்கு வந்ததில் மிச்சம் அதுதான்.